ஒரே கார், இரண்டு ஏணிகள்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சின்னக் கார் வேரியன்ட்கள்

ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் பின்கதவைத் திறக்க வலது பின்விளக்கின் ஓரத்தில் விரலை விட்டு இழுக்க வேண்டும். கைப்பிடி விளக்கோடு சேர்ந்தே ஒளிந்திருக்கும். கதவு மேலே எழும்பாது, வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். நம்மூர்க் காரில் அந்தக் கதவின் மேல் ஸ்டெப்னி தொங்கும். அதே காரைச் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் ஐரோப்பாவுக்காகச் செய்தபோது 2015-ல் அந்த ஸ்டெப்னியை "வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்" என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காரின் கதவில் அது கிடையவே கிடையாது.

ஒரு ஸ்டெப்னியிலேயே இவ்வளவு இருக்கிறதே என்று விலைப்பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'பேஸ் மாடல்', 'டாப் எண்ட்' என்ற சொற்களுக்கே பொருள் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பாவில் வாங்குபவர் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்கிறார்: எந்த என்ஜின்? எந்த வேரியன்ட், அதாவது வசதிகளின் ஏணியில் எந்தப் படி? அமெரிக்காவில் முதல் கேள்வியைக் கம்பெனியே முடித்துவைத்துவிடும். மிச்சமிருப்பது எத்தனை வசதி வேண்டும் என்பதுதான்.

ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2018 மாடலாக அமெரிக்காவுக்குப் போனபோது எஸ், எஸ்ஈ, டைட்டானியம், எஸ்ஈஎஸ் என்று நான்கு படிகள். எந்தப் படியிலும் மேனுவல் கியர் இல்லை, எல்லாமே 6 கியர் ஆட்டோமேட்டிக். முன்சக்கர இயக்கம் என்றால் 1.0 லிட்டர் டர்போ, நான்கு சக்கர இயக்கம் என்றால் 2.0 லிட்டர் பெட்ரோல். எஸ்ஈஎஸ் வாங்கினால் 2.0 லிட்டர்தான், வேறு பேச்சில்லை. ஐரோப்பாவில் ட்ரெண்ட், டைட்டானியம், எஸ்டி-லைன் என்று பெயர்கள் (பிரிட்டனில் ட்ரெண்டுக்குப் பதில் ஸீடெக்). அங்கே அந்த 2.0 லிட்டர் என்ஜினே விற்பனைக்கு வரவில்லை. 1.0 லிட்டர் டர்போவிலேயே 125, 140 குதிரைத் திறன் என்று பிரித்து வைத்தார்கள். கூடவே 1.5 லிட்டர் டீசல். மேனுவல் கியர்தான் அங்கே வழக்கமாக இருந்தது.

அமெரிக்காவின் 2.0 லிட்டர் நான்கு சக்கர ஈகோஸ்போர்ட்டின் அரசுக் கணக்கு மைலேஜ் கேலனுக்கு 25 மைல், அதாவது லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் சுமார். 1.0 லிட்டருக்கே 28 மைல்தான். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லாததால் அமெரிக்க வாடிக்கையாளர் பெரிய என்ஜினைக் கூச்சமில்லாமல் எடுத்தார். ஐரோப்பாவில் அதே 2.0 லிட்டர், வரி கட்டும் இடத்தில் போய் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஐரோப்பிய வேரியன்ட் பட்டியலைப் புரிந்துகொள்ள வரிதான் சாவி. பிரிட்டனில் 2001-லிருந்து 2017 வரை பதிவான காருக்குச் சாலை வரி, அது வெளிவிடும் கரியமில வாயுவைப் பொறுத்தது; அதன் பிறகு பதிவான காருக்கு முதல் வருஷ வரி மட்டும் அப்படி. கம்பெனி காருக்கான வருமான வரியும் 2002-லிருந்து அப்படித்தான். பிரான்சில் 2008-ல் புகை குறைந்த காருக்குப் போனஸ், கூடிய காருக்கு அபராதம் என்ற முறை வந்தது. இத்தாலியில் இன்னொரு விதி உண்டு. 2011-லிருந்து பல ஆண்டுகள், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் முதல் வருஷம் 70 கிலோவாட்டுக்கு (சுமார் 95 குதிரைத் திறன்) மேல் திறனுள்ள காரை ஓட்டக் கூடாது என்று இருந்தது. காரின் எடைக்கு ஏற்ற வரம்பும் தனியாக இருந்தது. பிரிட்டனில் ஒவ்வொரு காரையும் 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் வகையில் போட்டுவந்தார்கள், என்ஜின் பெரிதாக ஆக வகையும் ஏறியது. பையனுக்கு முதல் கார் வாங்கித் தரும் அப்பா அம்மா அங்கே என்ஜினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதனால்தான் ஐரோப்பிய விலைப்பட்டியலில் ஒரு சின்ன என்ஜின் எப்போதும் கீழே காவல் நிற்கிறது.

ஃபியட் 500-ல் இது பளிச்சென்று தெரியும். இரண்டு கண்டங்களிலும் வேரியன்ட் பெயர்கள் ஒன்றே: பாப், ஸ்போர்ட், லவுஞ்ச். பெயரைப் பார்த்து ஒரே கார் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். ஐரோப்பிய கார் போலந்தின் டிஹி நகரில் தயாரானது. பாப் என்றால் 1.2 லிட்டர், 69 குதிரைத் திறன். இத்தாலியில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய இளைஞர் சட்டப்படி ஓட்டக்கூடிய கார் அது. பிரிட்டனில் ஆரம்பத்தில் பாப் வேரியன்ட்டுக்கு ஏசி கூடத் தனிக்காசு. அமெரிக்கக் கார் மெக்சிகோவின் டொலூகாவில் தயாரானது. அங்கே பாப் என்றாலும் 1.4 லிட்டர் 'மல்டிஏர்' என்ஜின், 101 குதிரைத் திறன், ஏசி சேர்ந்தே வரும். ஸ்போர்ட் வாங்கினாலும் அதே 101-தான், கூடுதல் காசு சஸ்பென்ஷனுக்கும் சக்கரத்துக்கும் சீட்டுக்கும். லவுஞ்ச் எடுத்தால் 6 கியர் ஆட்டோமேட்டிக் கூடவே வந்தது. அமெரிக்கருக்காகப் பெட்ரோல் டேங்க்கையும் 35 லிட்டரிலிருந்து 40 லிட்டராக்கினார்கள், ஓட்டுநர் சீட்டில் கை வைக்க ஒரு தாங்கியும் சேர்த்தார்கள். ஐரோப்பாவில் 'ஸ்போர்ட்' என்ற ஒட்டுப் பெயரோடு 100 குதிரைத் திறன் 1.4-ஐ எடுத்தவர், என்ஜினுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்.

என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க ஏணி நேர்மையானது. கீழ்ப் படியில் நிற்பவரையும் மேட்டில் திணறவிடுவதில்லை.

டொயோட்டா யாரிஸில் கதை அப்படியே திரும்புகிறது. 2013-லிருந்து வட அமெரிக்காவுக்கான யாரிஸ், ஐரோப்பிய யாரிஸ் தயாராகும் அதே பிரெஞ்சு ஆலையில், வாலன்சியென் பக்கத்தில் தயாரானது. ஒரே கூரை, ஒரே தொழிலாளர்கள். வெளியே வந்தவை இரண்டு வெவ்வேறு கார்கள். ஐரோப்பாவுக்கு 1.0 லிட்டர், 1.33 லிட்டர், 1.4 லிட்டர் டீசல், 2012 முதல் ஹைபிரிட். அமெரிக்காவுக்கு ஒரே ஒரு 1.5 லிட்டர், 106 குதிரைத் திறன், 5 கியர் மேனுவல் அல்லது 4 கியர் ஆட்டோமேட்டிக். மற்ற கம்பெனிகள் ஆறு கியருக்குப் போய்விட்ட காலத்தில் நான்கே கியர்! ஹைபிரிட் யாரிஸ் அமெரிக்க ஷோரூமை எட்டிப் பார்க்கவே இல்லை.

ஐரோப்பிய யாரிஸ் ஹைபிரிட்டில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. 2012-ல் வந்தபோது 15 அங்குலச் சக்கரம் போட்ட வேரியன்ட் கிலோமீட்டருக்கு 79 கிராம் கரியமில வாயு விட்டது. 16 அங்குலச் சக்கரத்தோடு வந்த மேல் வேரியன்ட் 85 கிராம். என்ஜின் ஒன்று, பேட்டரி ஒன்று, மாறியது சக்கரமும் அதோடு கொஞ்சம் எடையும். 2014-ல் அதை மெருகேற்றியபோது கீழ் வேரியன்ட் 75 கிராமுக்கு இறங்கியது. லண்டன் நகர மையத்துக்குள் நுழையும் நெரிசல் கட்டணத்தில் 2013 ஜூலையிலிருந்து சில ஆண்டுகள் விலக்குக்கான எல்லை அதே 75 கிராமாக இருந்தது. அப்போது லண்டனில் தினமும் ஓட்டுகிறவருக்கு, அழகான பெரிய சக்கரத்தைவிடச் சின்னச் சக்கரம்தான் லாபம். அங்கே வேரியன்ட் ஏணியில் ஒரு படி மேலே ஏறினால் சில நேரம் செலவு தினம் தினம் ஏறும். இப்படி ஒரு கணக்கு அமெரிக்காவில் யாரிஸ் வாங்குபவரின் கனவில்கூட வராது.

அமெரிக்க யாரிஸில் எல், எல்ஈ, எஸ்ஈ என்று மூன்று படிகள். எல், எல்ஈ இரண்டிலும் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். எஸ்ஈ-யில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், 16 அங்குல அலாய், ஸ்டீயரிங்கும் சற்றுக் கூர்மை. மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் காசு வெறும் குரோம் பட்டைக்கும் தோல் உறைக்கும் போகாமல் பிரேக்குக்குப் போவது அபூர்வம். அதற்காகவே எஸ்ஈ-யை மதிக்கிறேன்.

ஃபோர்டு ஃபியஸ்டாவில் இன்னொரு பாடம். முதல் தலைமுறை ஃபியஸ்டா 1978 முதல் 1980 வரை அமெரிக்காவில் விற்றது. ஐரோப்பாவில் 957 சிசியிலிருந்து தொடங்கிய கார், அங்கே 1.6 லிட்டர் ஒன்றோடு மட்டுமே போனது. முப்பது ஆண்டு கழித்து 2010-ல் ஃபியஸ்டா திரும்பப் போனபோதும் அதே வழக்கம்தான்: 1.6 லிட்டர், 120 குதிரைத் திறன், அடிப்படை எஸ் வேரியன்ட்டிலிருந்தே. அந்த எஸ் காரில் ஏசி உண்டு, ஆனால் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பிரிட்டனின் அடிப்படை வேரியன்ட்டான ஸ்டூடியோவில் ஏசியே இல்லை. ஐரோப்பாவில் அந்த 120 குதிரைத் திறன் என்ஜின் வேண்டுமென்றால் பட்டியலில் மேலே போக வேண்டும். உடல்வாகும் வேறு. ஐரோப்பாவுக்கு 3 கதவு, 5 கதவு ஹேட்ச்பேக். அமெரிக்காவுக்கு 5 கதவு ஹேட்ச்பேக்கும் செடானும்.

ஃபியஸ்டாவின் வேகமான வடிவமான எஸ்டி பற்றி ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஐரோப்பாவில் 182 குதிரைத் திறன், அமெரிக்காவில் 197 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அமெரிக்கக் காருக்கு வேகம் அதிகம் என்று பலர் வாதிடுவார்கள். என்ஜின் ஒன்றேதான். முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது சில நொடிகள் டர்போ கூடுதலாக அழுத்தும். அந்த நேரத் திறனை அமெரிக்காவில் எண்ணில் சேர்த்தார்கள், ஐரோப்பாவில் சேர்க்கவில்லை. உண்மையான வித்தியாசம் கதவில்தான்: அமெரிக்க எஸ்டிக்கு 5 கதவு, ஐரோப்பிய எஸ்டிக்கு முதல் சில ஆண்டுகள் 3 கதவு மட்டும்.

சட்டம் வேரியன்ட்டுக்குள் கை வைக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். அதோடு கேமரா அங்கே மேல் வேரியன்ட்டின் பெருமையாக இருப்பது நின்றது. ஐரோப்பாவில் பின்பக்க மூடுபனி விளக்கு எல்லாக் காரிலும் இருந்தாக வேண்டும், பின் இண்டிகேட்டர் ஆரஞ்சாகத்தான் எரிய வேண்டும். அமெரிக்காவில் அது சிவப்பாகவும் எரியலாம். அமெரிக்கக் காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாகவே இருக்க வேண்டும். குவிந்த கண்ணாடி எதிர்ப்பக்கம் மட்டும், அதிலும் 'தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன' என்ற எச்சரிக்கை பொறித்திருக்கும். ஐரோப்பியக் காரில் ஓட்டுநர் பக்கமும் ஓரத்தில் வளைந்த கண்ணாடி வைக்கலாம், பக்கத்து லேனில் வரும் வண்டி இன்னும் கொஞ்சம் தெரியும். எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத வசதி இது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

விலையை ஒப்பிடும்போது எல்லோரும் வழுக்கி விழுவது வரியில். 1958-ல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். கூடவே வரும் வசதிகள், தனிக்காசு வசதிகள், ஆலையிலிருந்து கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் இருக்கும். 2011 மாடல் ஃபியஸ்டா எஸ்: 13,320 டாலர், கொண்டுவரும் செலவு 675, ஆக 13,995. மாநில விற்பனை வரி இதில் இல்லை. ஜெர்மனி விலைப்பட்டியலில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி உள்ளே இருக்கும், பிரிட்டனில் 20 சதவீதம். டாலரை யூரோவாக்கிப் பார்த்து "ஐரோப்பாவில் கொள்ளையடிக்கிறார்கள்" என்று சொல்வதற்கு முன் அந்த வரியைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகும் ஐரோப்பியக் காரே பெரும்பாலும் விலை கூடுதல், ஆனால் வித்தியாசம் நன்றாக இளைத்துவிடும்.

ஏன் இப்படி இரண்டு ஏணிகள்? விற்கும் முறையிலும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலோர் டீலரின் இடத்தில் வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றைப் பிடித்து அன்றே ஓட்டிப் போகிறார்கள். நிற்கும் காருக்கு டீலர் வட்டி கட்டுகிறார். அதனால் வகைகள் குறைவாக இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், பட்டியலில் டிக் அடித்து ஆலைக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பது பழக்கம். காத்திருப்பவருக்கு ஆயிரம் வகை காட்டலாம். அந்தத் தாராளமும் சுருங்கிவிட்டது. 2018 செப்டம்பரிலிருந்து புதிய சோதனை முறையில், ஒவ்வொரு கூடுதல் வசதியோடும் காரின் புகைக் கணக்கைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றானதும், கம்பெனிகள் தனித் தேர்வுகளை வெட்டி, பல வசதிகளை ஒரே தொகுப்பாகக் கட்டி விற்க ஆரம்பித்தன. ஐரோப்பிய ஏணி மெல்ல மெல்ல அமெரிக்க ஏணியைப் போல ஆகிறது. எனக்கு அதில் வருத்தம்தான். சின்ன என்ஜினும் நல்ல சீட்டும் மட்டும் போதும் என்று சொல்கிற ஆளுக்கு உலகத்தில் இருந்த ஒரே கடை ஐரோப்பா.

சரி, பழைய கார் சந்தையில் இவற்றில் ஒன்றை எடுப்பதென்றால்? அமெரிக்காவில் யாரிஸ் எஸ்ஈ மேனுவலைத் தேடுவேன், அந்த 4 கியர் ஆட்டோமேட்டிக் பக்கம் போக மாட்டேன். ஃபியட் 500 என்றால் அங்கே பாப் வேரியன்ட்டே போதும், என்ஜின் எப்படியும் ஒன்றுதான். ஐரோப்பாவில் யாரிஸ் ஹைபிரிட், நடு வேரியன்ட், 15 அங்குலச் சக்கரம். ஈகோஸ்போர்ட் என்றால் எந்தப் பக்கமானாலும் 1.0 லிட்டரைத்தான் எடுப்பேன். அமெரிக்காவில் ஒன்று கண்ணில் பட்டால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் குனிந்து பார்ப்பேன். 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவரும்வரை அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் எல்லாம் இங்கே செய்ததுதான். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற வரி அந்தத் தகட்டில் இருக்கும்.