வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் சர்க்கரையும்: போடாமலிருப்பதா, தினமும் போடுவதா, வாரம் ஒருமுறை போடுவதா?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்போ, பிரசவத்தின்போது ஏற்பட்ட கடும் இரத்தப்போக்கால் அச்சுரப்பி பழுதடைந்த பின்போ வளர்ச்சி ஹார்மோன் குறைந்துபோன பெரியவர்களுக்கு ஊசி பரிந்துரைக்கப்படும்போது, "இதனால் சர்க்கரை வந்துவிடாதா?" என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டார் கேட்பது நியாயமே. ஆனால் ஊசி போடாமலிருந்தால் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை சரியல்ல.

ஹார்மோன் குறைந்தால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, தசை மெலிந்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகிறது. மறுபுறம், ஹார்மோனே இன்சுலினுக்கு எதிராக இயங்கும் தன்மையுடையது: கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கூட்டுகிறது, தசை சர்க்கரையை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அது மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகளில் பலருக்கு நீரிழிவு வருவது இதனால்தான். எக்குவடோரில் லாரன் நோய்க்குறி உள்ளவர்கள் உடல் பருத்திருந்தும் அவர்களிடையே நீரிழிவு அரிதாகவே காணப்படுவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது; ஆனால் அவர்களுக்குப் பிறவியிலேயே ஹார்மோனின் ஏற்பி செயல்படுவதில்லை. நடுவயதில் ஹார்மோனை இழந்தவர் அதை எண்ணி ஆறுதல் கொள்ள இடமில்லை.

எனவே உண்மையான போட்டி தினசரி ஊசிக்கும் வார ஊசிக்கும் இடையில்தான். தினசரி ஊசியை, நீரிழிவின் விளிம்பில் இருப்பவருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரையிலான சிறு அளவில் தொடங்கலாம். முதல் சில மாதங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று ஏறக்கூடும். கொழுப்பு குறையக் குறைய அது பெரும்பாலும் ஈடாகிவிடும். ஏறினால் மறுநாளே அளவைக் குறைக்க முடிவதுதான் இதன் பெரும் பலம். 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி பெற்ற வார ஊசியான சோமாபசிடான், இரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பற்றிக்கொண்டு ஒரு வாரம் நீடிக்கிறது. ஆண்டுக்கு 365 ஊசிகள் 52 ஆகக் குறைவது சிறிய நிம்மதியல்ல. ஆயினும் அளவு அதிகமாகிவிட்டால் அதன் விளைவும் சில நாள்கள் தொடரும். ஊசியின் அளவு சரியா என்று காட்டும் ஐஜிஎஃப்-1 இரத்தப் பரிசோதனைக்கு, ஊசி போட்ட மூன்றாம் அல்லது நான்காம் நாளில் இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால், கூடலூரிலிருந்து கோவைக்கு இறங்குபவர் மருத்துவரிடம் போகும் தேதியையும் அதற்கேற்பக் குறிக்க வேண்டும்.

இரண்டையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும்போது, வெளிக்குளிரே போதுமென்று மருந்துள்ள ஊசிப் பேனாவை ஜன்னலோரம் வைப்பதும், ஃபிரிட்ஜில் ஐஸ் அறையை ஒட்டி வைப்பதும் மருந்தைக் கெடுத்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும், சர்க்கரையை எப்படி அளக்கிறோம் என்பது இந்த மலையில் தனிக் கவனத்துக்குரியது. இந்தியாவில், சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் பரம்பரைத் தன்மையான அரிவாள் செல் இரத்தப் பண்பு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையேதான் பதிவானது. அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையையும் பார்ப்பதே நம்பத்தக்கது. பிட்யூட்டரி குறைபாட்டுக்காக ஸ்டீராய்டு மாத்திரையும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறினால், ஹார்மோன் ஊசியைக் குறை சொல்லும் முன் அம்மாத்திரையின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

என் கருத்தில், நீரிழிவின் விளிம்பில் நிற்பவருக்கும் பெற்றோர் வழியில் நீரிழிவு உள்ளவருக்கும் தினசரிச் சிறு அளவே ஏற்றது. சர்க்கரை நிலையாக இருந்து, தினமும் ஊசி போட மறப்பவருக்கு வார ஊசி பொருந்தும். நீரிழிவால் விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருப்பவருக்கோ, புற்றுநோய் தீவிரமாக இருப்பவருக்கோ இரண்டுமே கூடாது.