கிட் கையேடு: வெகுகாலம் படித்துப் புழங்கியவனின் அனுபவம்

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட்டைப் பயன்படுத்துபவர்களில் பலர் அதன் கையேட்டைத் திறப்பதே இல்லை. கட்டளையை எங்கேயாவது தேடி எடுத்து ஒட்டுவார்கள், ஓடினால் சரி. எனக்கு 'கிட் ஹெல்ப்' தட்டிப் படித்துவிட்டு வேலை பார்க்கும் பழக்கம். அதனால் இந்தக் கையேட்டின் நடை வருடக்கணக்கில் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் மாறுகிறது, ஆனால் மாறும் திசை நல்ல திசை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. அப்போது அதைத் தொட்டவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள். கையேடும் அவர்களை நினைத்தே எழுதப்பட்டது. நம் மாற்றங்களை வெளியே அனுப்பும் 'புஷ்' கட்டளையின் பக்கத்தில் முதல் வரி, ரிமோட்டில் (வேறிடத்தில் உள்ள பிரதியில்) இருக்கும் ரெஃப்களையும் (பிராஞ்ச், டேக் போன்ற பெயர்கள்) அவற்றோடு தொடர்புள்ள ஆப்ஜெக்டுகளையும் புதுப்பிக்கும் என்று சொல்லும். அதில் தப்பே இல்லை. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்தப் பக்கத்தைத் திறப்பது, தன்னுடைய கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) எந்த பிராஞ்சுக்கு (வேலைக் கிளைக்கு) போகப்போகிறது என்று தெரிந்துகொள்ள. அதற்கு அந்த வரியில் பதில் கிடைக்காது.

அதிகம் படுத்திய பக்கம் 'செக்கவுட்'தான். பிராஞ்ச் மாற்றவும் அதே கட்டளை, கோப்பில் செய்த மாற்றங்களைத் தூக்கி எறியவும் அதே கட்டளை. முதல் வேலையில், கமிட் செய்யாத மாற்றம் அழிந்துபோகும் என்றால் கிட் நிறுத்திவிடும். இரண்டாவதில் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே எழுதிவிடும். கமிட்டோ ஸ்டேஜோ (அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைப்பது) செய்யாத மாற்றம் என்பதால், பிராஞ்ச் முன்பு எங்கே இருந்தது என்ற பதிவான ரெஃப்லாகில் தேடினாலும் வராது. கையேடு இதைக் கோப்புகளை 'ரீஸ்டோர்' செய்வதாகச் சொன்னது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, அதைப் படித்துவிட்டு, போனது திரும்ப வரும் என்று நம்பி ஓட்டினான். காலையிலிருந்து எழுதிய கோட் மொத்தமும் போய்விட்டது. இத்தனைக்கும் தற்போதைய நிலையைச் சொல்லும் 'ஸ்டேட்டஸ்' கட்டளை காட்டும் குறிப்பில் அதே கட்டளைக்கு நேராக, மாற்றங்களை 'டிஸ்கார்ட்' செய்ய என்று நேர்மையாகவே போட்டிருக்கும். திரையில் வரும் குறிப்பில் இருந்த தெளிவு, கையேட்டின் தலைப்பு வரியில் இல்லை.

2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு இந்த ஒரே கட்டளையை 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தது. ஸ்டேஜ் செய்ததைத் திரும்ப எடுக்க 'ரீசெட் ஹெட்' என்று சொல்லிவந்த ஸ்டேட்டஸ் குறிப்பும் 'ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு' என்று மாறியது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி, காரணம் 'ரீசெட்' என்ற பெயரைப் பார்த்தாலே புதியவர்கள் கை நடுங்கும். ஆனால் இரண்டு பக்கங்களிலும் இது சோதனை நிலையில் உள்ள கட்டளை, மாறக்கூடும் என்று கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. 2025 ஆகஸ்டில் 2.51 வரும்வரை அது போகவில்லை. அந்த ஒரு வரிக்குப் பயந்து, சொல்லிக்கொடுப்பவர்கள்கூடப் பழைய செக்கவுட்டையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் இன்டெக்ஸ், அதாவது ஸ்டேஜ் செய்த மாற்றங்கள் இருக்கும் இடம். ஒரே பொருளுக்கு இன்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜிங் ஏரியா என்று மூன்று பெயர். வித்தியாசத்தைக் காட்டும் 'டிஃப்' கட்டளையில் '--கேஷ்டு' என்றாலும் '--ஸ்டேஜ்டு' என்றாலும் ஒன்றுதான். கோப்பை நீக்கும் 'ஆர்எம்'மில் '--கேஷ்டு' மட்டும்தான் உண்டு. இதையெல்லாம் ஒரே பெயராக்கிவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. பேட்ச் கோப்பில் உள்ள மாற்றத்தைப் போடும் 'அப்ளை' கட்டளையில் '--கேஷ்டு' என்றால் இன்டெக்ஸை மட்டும் தொடும், '--இன்டெக்ஸ்' என்றால் இன்டெக்ஸையும் வேலைக் கோப்புகளையும் சேர்த்துத் தொடும். இந்த வித்தியாசத்தை 'கிட்சிஎல்ஐ' பக்கம் அழகாக விளக்குகிறது, ஆனால் அப்படி ஒரு பக்கம் இருப்பது பலருக்குத் தெரியாது.

நம் கமிட்டுகளை வேறொரு பிராஞ்சின்மேல் திரும்ப வைப்பது ரீபேஸ். அப்போது கான்ஃப்லிக்ட் (ஒரே இடத்தில் மோதும் மாற்றங்கள்) வந்தால் 'அவர்ஸ்' (நம்முடையது), 'தேர்ஸ்' (அவர்களுடையது) இரண்டும் இடம் மாறித் தெரியும் என்று கையேடு எச்சரிக்கிறது. காரணத்தையும் சொல்கிறது: அப்ஸ்ட்ரீமிலிருந்து (அந்த வேறு பிராஞ்சிலிருந்து) தொடங்கி உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைப்பதால், நீங்கள் எழுதியது 'தேர்ஸ்' ஆகிவிடுகிறது. நல்ல விளக்கம்தான், ஆனால் அது ஆப்ஷன்களுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. கான்ஃப்லிக்டில் மாட்டியவர் அந்த நேரத்தில் அங்கே போய்ப் படிக்க மாட்டார். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: கோப்பில் வரும் கான்ஃப்லிக்ட் குறிகளில் கீழ்ப்பக்கக் குறிக்கு அருகே உங்கள் கமிட்டின் தலைப்பு இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அண்மையில் வந்த மாற்றங்களில் என்னை மிகவும் கவர்ந்தது நிரலாளர் ஜூலியா எவான்ஸ் 2025இல் தொடங்கிய வேலை. கையேட்டுப் பக்கங்களைப் பயனர்களிடம் கொடுத்து, எந்த வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேட்டு, அதை வைத்துத் திருத்தங்களை அனுப்பினார். பல வருடம் கிட்டோடு பழகியவர்களுக்கு எந்த வரி புரியாது என்பது தெரியாமல் போய்விடும். படிப்பவரைக் கேட்டால்தான் தெரியும். 'புஷ்' பக்கம் இப்போது பிராஞ்ச், டேக் என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. கிட்டின் டேட்டா மாடலுக்கென்றே தனிப் பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னும் திருத்த வேண்டியது என்று நான் நினைப்பது, ரிமோட்டில் உள்ளதை நம்மிடம் கொண்டுவரும் 'புல்' கட்டளை காட்டும் குறிப்பு. 2021இல் வந்த 2.33.1 முதல், இரு பக்கமும் கமிட்டுகள் பிரிந்திருந்தால் புல் நின்றுவிடுகிறது. மெர்ஜ், ரீபேஸ், ஃபாஸ்ட்-ஃபார்வர்டு என்று மூன்று கான்ஃபிக் வரிகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதைத் தேர்ந்தால் என் கமிட்டுக்கு என்ன ஆகும் என்பது அதில் இல்லை. பலர் முதல் வரியை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மெர்ஜுக்கு நேராக 'இரண்டையும் சேர்த்து ஒரு புது கமிட் உருவாகும்' என்றும், ரீபேஸுக்கு நேராக 'உங்கள் கமிட்டுகள் புதிதாக எழுதப்படும், அவற்றின் ஹேஷ் (அடையாள எண்) மாறும்' என்றும், மூன்றாவதற்கு நேராக 'இப்படிப் பிரிந்திருந்தால் எதுவும் செய்யாமல் நின்றுவிடும்' என்றும் போட்டால் போதும்.