இன்ஜின் செத்த வண்டியா, தகரம் செத்த வண்டியா?

போன வருடம் மார்ச்சில் ஒரே சனிக்கிழமையன்று இரண்டு பிணங்களைப் பார்க்கப் போனேன். காலையில் 1976 டாட்சன் 280இசட், மதியம் 1982 மாஸ்டா ஆர்எக்ஸ்-7. இரண்டுமே ஒஹாயோவில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள். இரண்டும் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நின்ற இடத்தை விட்டு நகராதவை. இரண்டாவதை வாங்கினேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்கேயோ துருப்பிடித்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் எல்லோரும் முதலில் கேட்பது "ஓடுமா?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்பேன். இப்போது கேட்பது வேறு: ஏன் நிறுத்தினீர்கள்?

இசட் வைத்திருந்தவர் ஒரு விவசாயி. அவர் சொன்ன பதில்: "ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலுக்குக் கீழே ரோடு தெரிய ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன்." ஆர்எக்ஸ்-7 வீட்டுக்காரர் சொன்னது: "ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. ரோட்டரி இன்ஜின் என்றதும் மெக்கானிக் கையை விரித்துவிட்டார்."

என் முடிவு இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. 280இசட்டில் இருப்பது எல்28, 2753 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக். டிராக்டர் மாதிரி. அது சுலபத்தில் சாகாது. சாகாததால் சொந்தக்காரர் குளிர்காலத்திலும் ஓட்டிக்கொண்டே இருப்பார். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு வருடா வருடம் அடித்தகரத்தைத் தின்னும். கடைசியில் வண்டி நிற்கும்போது இன்ஜின் மட்டும் மிஞ்சும். ஆர்எக்ஸ்-7 தலைகீழ். சீல் (உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) போய், கம்ப்ரஷன் (உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம்) போய், பழுது பார்க்க ஆள் கிடைக்காமல், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஷெட்டுக்குள் தள்ளப்படுகிறது. ஒன்று தகரம் செத்து நின்றது, மற்றது இன்ஜின் செத்து நின்றது. வாங்குகிறவனுக்கு இரண்டாவதுதான் நல்ல சாவு.

(நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இசட் நின்றது மண் தரைக் களஞ்சியத்தில், ஆர்எக்ஸ்-7 நின்றது கான்கிரீட் தரையில். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் கீழே இருந்தே அரிக்கும். ஆக, பழி முழுவதும் இசட்டின் மேல் இல்லை.)

சரி, இசட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும், மகளின் தமிழ் வகுப்பில் கொடுத்த ஃபிரிட்ஜ் காந்த எழுத்து ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். 'ழ'. காந்தம் இரும்பில் ஒட்டும், ஓட்டையை மூடப் பூசும் பட்டியில் (புட்டி) ஒட்டாது. கதவில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவு முடியும் இடத்துக்குக் கீழே வைத்தேன், பொத்தென்று விழுந்தது. அந்த மூலையில் யாரோ தகரத்தின் இடத்தில் விரல் கனத்துக்குப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பேட்டரித் தட்டைத் தூக்கினால், ஆசிட் சிந்திச் சிந்தி அடியில் இருந்த தகரம் பொரித்த அப்பளமாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தக்கூட வேண்டாம், தொட்டால் உதிர்கிறது.

வெளியே தெரிகிற துரு பெரிய விஷயமில்லை. இசட்டில் தரைத் தகரத்தின் அடியில் முன்னிருந்து பின்னாக இரண்டு சட்டங்கள் ஓடும். சட்டம் என்றால் லாரி சேசிஸ் மாதிரி கனமானது அல்ல. மெல்லிய தகரத்தை வளைத்து, தரையோடு ஸ்பாட் வெல்டிங் செய்தது. உள்ளே தண்ணீர் போனால் வெளியே வர வழி கிடையாது. உள்பக்கம் தரை மேல் சத்தத்தைக் குறைக்கத் தார் போன்ற ஒரு பாய் ஒட்டியிருக்கும். கம்பளத்தில் இறங்கும் ஈரத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். அதை எடுப்பதே தனி வேலை: உலர் பனிக்கட்டியை (டிரை ஐஸ்) பரப்பி உறையவிட்டு, சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரி உடைந்து வரும். முன்கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்துக்கொள்ளும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் நேரே உங்கள் கால்மாட்டுக்கு வரும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகரத்தையே கழற்றியாக வேண்டும்.

தரை, சட்டம், மூலைத்தகரம் எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். இது இசட்டுக்கு இருக்கும் பெரிய சாதகம், மறைக்கவில்லை. ஆனால் தகரத்தின் விலை சுண்டைக்காய் கால் பணம், டிங்கரிங் கூலிதான் சுமைகூலி முக்கால் பணம். நான் எடுத்துப்போன படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பட்டறைக்காரர் சொன்ன தொகை 14,000 டாலர், பெயின்ட் சேர்க்காமல். வெட்டிப் பார்த்தால் இன்னும் ஏறும் என்றும் சொன்னார். வண்டிக்குக் கேட்ட விலை 6,500.

இது அந்தப் பட்டறைக்காரரின் பேராசை என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் டாட்சனைச் செய்த நிசான் நிறுவனமே, 280இசட்டுக்கு முந்தைய மாடலான பழைய 240இசட்களை வாங்கி, முழுமையாகப் புதுப்பித்து, தன் டீலர்கள் வழியாகச் சுமார் 25,000 டாலருக்கு விற்றது. சில டஜன் வண்டிகளோடு திட்டத்தை மூடிவிட்டார்கள். செய்த கம்பெனிக்கே கட்டுப்படியாகாதது, வார இறுதியில் கிரைண்டர் பிடிக்கிற எனக்கா கட்டுப்படியாகும்?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970இல் 240இசட் இங்கே வந்தபோது விலை 3,526 டாலர். 2020 ஜனவரியில் ஓர் இணைய ஏலத்தில் 1971 மாடல் ஒன்று 3,10,000 டாலருக்குப் போனது. அதிகம் ஓடாத, தொட்டுப் பழுது பார்க்காத அபூர்வ வண்டி அது. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு களஞ்சியம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் தார்ப்பாய்க்கு அடியில் தங்கம் இருப்பதாக நினைக்கிறார்கள்.

ஆர்எக்ஸ்-7க்கு அந்த மயக்கம் இன்னும் வரவில்லை. 1,800 டாலருக்குக் கொடுத்தார்கள். 'ழ' ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒட்டியது. பின்சக்கர வளைவில் ஒரு பக்கமும் முன் ஃபெண்டரின் அடியிலும்தான் துரு.

இன்ஜின் 12ஏ என்ற ரோட்டரி. 573 சிசி அறைகள் இரண்டு, மொத்தம் 1146. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. இரண்டு முக்கோண ரோட்டர், நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான் முக்கியமாகச் சுழல்வது. நாலு பிளக்கையும் கழற்றி, துளை வழியே ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டேன். இன்ஜினின் முன்பக்க புல்லி (பெல்ட் சக்கரம்) போல்ட்டில் நீளக் கம்பி போட்டு, வன்முறை காட்டாமல் இப்படியும் அப்படியும் அசைத்தேன். அசைக்க ஆரம்பித்த நாலாவது நாள் 'டக்' என்று விட்டது. கையால் சுற்றினால் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று 'புஸ்' சத்தம் சமமாகக் கேட்க வேண்டும். பின்னதில் கேட்டது. முன்னதில் ஒன்று கேட்டது, ஒன்று முனகியது, ஒன்று வரவே இல்லை. கீழ்ப்பிளக் துளையிலிருந்து துருத் தண்ணீர் சொட்டியது. கூலன்ட் சீல், அதாவது குளிர்விக்கும் தண்ணீரை உள்ளே விடாத அடைப்பு, போயிருக்கிறது. ஆக, பிரிக்காமல் முடியாது.

பிரிப்பதில் கஷ்டமான ஒரே இடம் ஃப்ளைவீல் நட். 54 மில்லிமீட்டர். ஆறடிப் பைப் மாட்டி, என் நண்பர் அதன் நுனியில் தொங்கியபிறகுதான் அசைந்தது. மற்றபடி சப்பாத்தி அடுக்கு மாதிரி ஒவ்வொரு தட்டாக எடுத்து மேசைமேல் வைக்கலாம். முன் அறையின் உள்சுவரில் குரோம் உரிந்திருந்தது. அதற்குப் பழைய அறை ஒன்றைத் தேடிப் பிடிக்க ஏழு வாரம். சீல், ஸ்பிரிங், அந்த அறை எல்லாம் சேர்த்து 2,600 டாலர் சொச்சம். கூலி என் ஞாயிற்றுக்கிழமைகள்.

மற்றவை இரண்டுக்கும் பொது. பெட்ரோல் டாங்கில் கோந்து, பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், சீட்டுக்குள் எலிக்கூடு, டயர் எல்லாம் குப்பை. எந்த வண்டியானாலும் டைட்டில் பேப்பர் (வண்டியின் உரிமைப் பத்திரம்) விற்பவர் பெயரில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். மூன்றாவதாக டொயோட்டா எம்ஆர்2வையும் சிலர் சொல்வார்கள், 1985இல் இங்கே வந்த முதல் தலைமுறை. ஒன்றில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

எங்கே என் கணக்கு தப்பாகலாம்? மறுவிற்பனையில் இசட் எப்போதும் மேலே நிற்கும். சொந்தமாக நன்றாக வெல்டிங் செய்யத் தெரிந்தவருக்கு அந்த 14,000 கணக்கே கிடையாது, அவர் இசட்டைத்தான் எடுக்க வேண்டும். ஆர்எக்ஸ்-7இன் உடம்பும் அரித்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அதற்கு இசட் அளவுக்குப் புதுத்தகரம் கிடைக்காது. என் இன்ஜின் ஓட ஆரம்பித்து 900 மைல்தான் ஆகிறது. நான் கட்டிய சீல் பத்தாயிரம் மைல் தாங்குமா என்பதை இப்போது கேட்டால் சிரித்து மழுப்புவேன். அப்படியே போனாலும் அடுத்த முறை நட்டைக் கழற்ற நண்பரைக் கூப்பிட வேண்டியதில்லை, பெரிய இம்பாக்ட் கன் வாங்கிவிட்டேன்.

பின்சக்கர வளைவில் அந்த ஒரு பேட்ச் மட்டும் பாக்கி. அதற்கு அந்த இசட் பட்டறைக்காரரிடமே நாள் கேட்டிருக்கிறேன். உப்பு கொட்ட ஆரம்பிப்பதற்குள் கொண்டுவரச் சொன்னார்.