மெர்ரியின் கத்தியும் பில்போவின் பூங்குருவியும்: டோல்கீன் நாவல்கள், ஜாக்சன் படங்கள்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலா, படமா என்று எப்போது பேச்சு எழுந்தாலும் முதலில் உருளும் பெயர் டாம் பாம்படில். அவரைப் படங்களின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மொத்தமாகத் தூக்கிவிட்டாரே என்று நாவல் கட்சி குமுறும். பாட்டுப் பாடிக்கொண்டு காட்டில் திரியும் ஆளால் கதைக்கு என்ன ஆயிற்று என்று படக் கட்சி திருப்பிக் கேட்கும். உண்மையில் பாம்படில் போனதில் பெரிய நட்டமில்லை. அவரோடு சேர்ந்து போன கத்திதான் நட்டம்.

நாவலில், தீய அரசன் சௌரோனின் மோதிரத்தைச் சுமந்து புறப்பட்ட ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்ற நான்கு ஹாபிட்களும் (குள்ள உருவ மனிதர்கள்) பழைய சமாதிக் குன்றுகளில் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களை மீட்கும் பாம்படில், அங்கே புதையலோடு கிடந்த கத்திகளை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். ஆங்மார் நாட்டுச் சூனிய அரசனோடு போரிட்ட வடநாட்டு மனிதர்கள் அடித்த கத்திகள் அவை. அந்தச் சூனிய அரசன்தான் பின்னாளில் சௌரோனின் ஏவலாளிகளான நாஸ்கூல்களின் தலைவனாக மினாஸ் திரித் நகர வாசலுக்கு வருகிறான். மெர்ரி பின்னாலிருந்து அவன் முழங்காலில் குத்தியதும் அவன் உடலைக் கட்டிவைத்திருந்த மந்திரம் அறுகிறது; பிறகுதான் ரோஹான் நாட்டு வீராங்கனை எயோவின் அவனை முடித்துவைக்கிறாள். வேறு எந்தக் கத்தியாலும் அப்படியொரு காயம் பட்டிருக்காது என்று டோல்கீன் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

படத்தில் வெதர்டாப் மலையில் வழித்துணையாக வரும் அரகார்ன் சாதாரண வாள்களை எடுத்து நீட்டுகிறார். கூடுதல் காட்சிகள் சேர்ந்த எக்ஸ்டெண்டட் எடிஷனில் எல்ஃப் தலைவி கலாட்ரியல் வேறு குத்துவாள்கள் தருகிறாள். இரண்டுக்கும் சூனிய அரசனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குத்து பலிக்கிறது, ஏன் பலித்தது என்பதற்குப் படத்துக்குள் காரணம் கிடையாது. ஆகவே எத்தனை அத்தியாயம் போயிற்று என்று எண்ணுவதைவிட, வெட்டிய இடத்தில் எந்தக் காரணம் அறுந்தது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

அப்படிப் பார்த்தால் ‘தி ஹாபிட்’ படங்கள்தான் மோசம். 1937-ல் வந்த ஒற்றைச் சிறுவர் நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள். நேரம் போதவில்லை என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை. நாவலில் ஸ்மாக் என்ற டிராகனின் மார்பில் கவசமில்லாத ஓர் இடத்தைக் கதைநாயகன் பில்போ பார்க்கிறான். வந்து குள்ளர்களிடம் சொல்கிறான். பக்கத்திலிருந்த பூங்குருவி ஒட்டுக்கேட்டு, ஏரி நகரத்துக்குப் பறந்துபோய் பார்ட் என்ற வில்லாளியின் காதில் போடுகிறது. பார்ட் அம்பு விடுகிறான். டிராகன் சாவதற்கு வேர் பில்போவின் கண்தான். படத்திலோ பார்டின் முன்னோன் எப்போதோ அந்தச் செதிலைப் பெயர்த்துவிட்டதாகக் கதை கட்டி, விஷயத்தைப் பார்டின் குடும்பச் சொத்தாக்கிவிட்டார்கள். நாவலிலேயே இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண்ணுக்குக் காதல் கதை எழுத நேரம் கிடைத்தது, ஒரு குருவிக்குக் கிடைக்கவில்லை.

முந்தைய மூன்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் நிலைமை இவ்வளவு எளிதல்ல. அங்கே ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை இழுத்து வருகிறது. ஃபாரமிர் விவகாரம் அதற்கு நல்ல உதாரணம். நாவலின் இரண்டாம் தொகுதியில் முதல் பாதி முழுக்க அரகார்ன் தரப்பு, அடுத்த பாதி முழுக்க ஃப்ரோடோவும் சாமும். படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால் தேதிகள் ஒத்துப்போக வேண்டும். டோல்கீனின் காலவரிசைப்படி ஹெல்ம்ஸ் டீப் போர் மார்ச் 3 இரவு. ஷீலோப் என்ற ராட்சதச் சிலந்தி கடித்து ஃப்ரோடோ பிடிபடுவது மார்ச் 13. மினாஸ் திரித் போர் மார்ச் 15. அதனால் ஷீலோபை மூன்றாம் படத்துக்குத் தள்ளியது சரியான முடிவு. ஆனால் தள்ளியதும் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு உச்சக்கட்டம் இல்லாமல் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கக் கிடைத்தவர்தான் ஃபாரமிர். நாவலில் அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொன்ன மனிதர், படத்தில் ஃப்ரோடோவை ஆஸ்கிலியாத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். காரணம் புரிகிறது, மன்னிக்க மனம் வரவில்லை. மோதிரத்தின் ஆசையில் அண்ணன் போரோமிர் தோற்ற சோதனையில் தம்பி தேறுவதுதான் அந்தப் பாத்திரத்தின் மொத்த எடையும். எக்ஸ்டெண்டட் எடிஷனில் தந்தை டெனதோர் இரு மகன்களையும் நடத்தும் விதத்தைக் காட்டும் பழைய நினைவுக் காட்சி ஒன்று உண்டு. அது இந்தக் காயத்தைப் பாதியாவது ஆற்றுகிறது.

மாற்றி மாற்றிக் காட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கறுப்பு வாசலில் சௌரோனின் தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் கவசச் சட்டையை எடுத்துக் காட்டும்போது, நாவல் வாசகருக்கு ஃப்ரோடோ பிடிபட்டது வரைதான் தெரியும். சாம் காப்பாற்றினானா இல்லையா என்று தெரியாமல் வயிறு கலங்கும். படத்தில் அதற்குள் நாம் ஃப்ரோடோவை சௌரோனின் நாடான மார்டோருக்குள் உயிரோடு பார்த்துவிட்டோம்.

படம் ஜெயித்த இடங்களை ஒப்புக்கொள்ளாவிட்டால் இது வெறும் நாவல் பக்தியாகிவிடும். போரோமிரின் கடைசிச் சண்டை நாவலில் மேடைக்கு வெளியே நடக்கிறது. அரகார்ன் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. படம் அதை முதல் பாகத்தின் முடிவாக முன்னே கொண்டுவந்து, அம்பு அம்பாகக் காட்டியது. உதவி கேட்டு எரியும் தீப்பந்த மலைகளும் அப்படித்தான். நாவலில் மந்திரவாதி கேண்டால்ஃபும் பிப்பினும் குதிரையில் போகும்போதே அவை எரிந்துகொண்டிருக்கின்றன. ரோஹானுக்கு உதவி கேட்டுப் போவது சிவப்பு அம்போடு ஒரு தூதன். இரண்டையும் ஒன்றாக்கி, பிப்பின் கையால் முதல் தீயை மூட்டவைத்தது நாவலைவிட நல்ல யோசனை.

மன்னிக்கவே முடியாதது படிக்கட்டுக் காட்சி. நாவலில் ஷீலோபிடம் பேரம் பேசிவிட்டுத் திரும்பும் கோல்லம் (மோதிரத்துக்காக ஏங்கியபடி இருவருக்கும் வழிகாட்டுபவன்), ஃப்ரோடோ சாமின் மடியில் தலைவைத்திருக்க இருவரும் தூங்குவதைப் பார்க்கிறான். மனம் மாறும் தறுவாயில் ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்நேரம் விழித்துக்கொண்ட சாம் திட்ட, கோல்லம் பழையபடி இறுகிவிடுகிறான். நல்லவன் சொன்ன கடுஞ்சொல்லால் ஒரு மீட்சி தவறிப்போகிறது. கோல்லம் திருந்தாமல் போனது தன்னை மிகவும் வருத்தியது என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதை எடுத்துவிட்டு, கோல்லம் தூவிய ரொட்டித் துணுக்குகளைச் சாட்சியாக வைத்து ஃப்ரோடோ சாமை வீட்டுக்கு அனுப்புவதாகப் படம் காட்டுகிறது. அரகார்ன் அழைத்துவரும் இறந்தோரின் ஆவிப் படை மினாஸ் திரித் வரை வந்து போரை முடிப்பதும் இதே ரகம்: நாவலில் பெலார்கிர் துறைமுகத்தோடு அவர்கள் வேலை முடிந்தது, கப்பலில் வருபவர்கள் உயிருள்ள தெற்கத்தி வீரர்கள். படத்து வழியில் ரோஹான் குதிரைவீரர்கள் செத்ததற்குப் பொருளே குறைகிறது.

பில்போவின் பிறந்தநாளுக்கும் ஃப்ரோடோ கிளம்புவதற்கும் நடுவே இருந்த 17 ஆண்டுகள் போனது யாரையும் உறுத்தாது. 50 வயது ஃப்ரோடோவைப் படத்தில் யாரும் தேடவில்லை.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? தியேட்டர் பதிப்புகள் 178, 179, 201 நிமிடம். எக்ஸ்டெண்டட் எடிஷனில் முறையே சுமார் 30, 45, 50 நிமிடம் கூடுதல். முதல் படத்துக்குத் தியேட்டர் பதிப்பே கச்சிதம். இரண்டாவதை நீளமாகப் பாருங்கள், ஃபாரமிருக்காக. மூன்றாவதில் நீளமானது கட்டாயம்: தியேட்டர் பதிப்பில் கெட்ட மந்திரவாதி சாருமான் தலையே காட்டுவதில்லை. எக்ஸ்டெண்டட் எடிஷனில்கூட அவன் சாவது ஆர்த்தாங்க் கோபுரத்தில்தான்; ஊர் திரும்பும் ஹாபிட்கள் ஷயரை அவனிடமிருந்து மீட்கும் அத்தியாயத்துக்கு நாவலைத்தான் எடுக்க வேண்டும்.

படம் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்கள் ஹாபிட்களைப் பற்றிய முன்னுரையை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். ப்ரீ ஊர் விடுதி வரும்வரை வேகம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள். படங்களில் ஆங்காங்கே வரும் அரகார்ன்-ஆர்வென் காதலின் பெரும்பகுதி முதல் பின்னிணைப்பில் இருக்கிறது; நாவலை முடித்த பிறகு அதைப் படிக்கவும். இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கும் தேதிப் பட்டியலில் 3019-ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தைக் கையோடு வைத்துக்கொண்டால், எந்தக் காட்சி எதற்காக இடம் மாறியது என்று நீங்களே பிடித்துவிடலாம்.