கடற்பாசியா, ஜெலட்டினா?

இனிப்பை உறைய வைக்க, கொழும்பு வெயிலுக்கு நான் கடற்பாசி (அகர் அகர்) பக்கம்தான். ஜெலட்டின் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது; வாயில் வைத்ததும் கரையும், அந்தச் சுகம் அதற்கே உண்டு. ஆனால் 35 பாகைக்குள்ளேயே இளகிவிடும். பச்சை அன்னாசி போட்டால் உறையவே உறையாது.

சிவப்புப் பாசியில் எடுக்கும் கடற்பாசி மேசையிலேயே உறையும், 85 பாகை வரை உருகாது. நோன்பு திறக்கும் நேரம் கொழும்பின் வாழைத்தோட்டப் பகுதி வீடுகளில் ரோஸ் நிறத் துண்டுகளாகத் தட்டில் நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

1881இல் ஜெர்மனியில் ஆய்வுக்காகக் கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் இளகிக் கெட்டபோது, ஃபானி ஹெஸ்ஸே தன் சமையலறைக் கடற்பாசியைக் கிருமி ஆய்வு செய்த கணவருக்குச் சொன்னார். ஆய்வுகூடங்களில் இன்றும் அதுதான்!

சரி, பாலும் சீனியும் சேர்ப்பது கடற்பாசி முழுக்கக் கரைந்த பிறகே.