நைட்ரோ ட்ரக்: மூணு நாள் கயிறு இழுத்து பன்னெண்டு நிமிஷம் ஓட்டுன கதை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நைட்ரோ எரிபொருள்ல ஓடுற ரிமோட் ட்ரக் பெட்டி வந்துச்சு. அன்னைக்கே ஓட்டிட்டு ராத்திரி ரிவ்யூ போட்டுரலாம்னு நெனச்சவன் திங்கக்கிழமை ராத்திரிதான் எழுத உக்காந்திருக்கேன்னா என்ன நடந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. வலது கை ஆள்காட்டி விரல்ல கொப்புளம், சட்டை பூரா விளக்கெண்ணெய் நாத்தம், ஆனா மூஞ்சில சிரிப்பு போகல.

கம்பெனி பேரு கேப்பீங்க. சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது, ஏன்னா பெட்டி மேல ஒரு பேரு, மேனுவல்ல ஒரு பேரு, சேஸிஸ் அடியில வேற ஒரு பேரு போட்டிருக்கு. எங்கயோ செஞ்ச வண்டிய இங்க எறக்குறவரு அவர் ஸ்டிக்கர ஒட்டி விக்காரு, அவ்வளவுதான். 1:10 அளவு மான்ஸ்டர் ட்ரக், நாலு வீலும் இழுக்கும், ரெண்டு கியர், 18 க்ளாஸ் இன்ஜின். 18ன்னா 0.18 கன அங்குலம், நம்ம கணக்குக்கு 3 சிசிய ஒட்டி வரும். டேங்க் 75 சிசி. கூரியரோட சேத்து 23,000 ரூபா ஆச்சு. வீட்டுல 8,000ன்னு சொல்லிருக்கேன், இத படிக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா வாய மூடிக்கோங்க.

ரெண்டு வருஷமா எலக்ட்ரிக் ட்ரக் ஓட்டிட்டுதான் இருந்தேன். பேட்டரிய மாட்டு, ஸ்விட்ச போடு, ஓட்டு. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா 1999ல ட்ராக்ஸஸ் டி-மேக்ஸ்ங்கிற நைட்ரோ ட்ரக் வந்ததுல இருந்து வெளிநாட்டுக்காரன் பொகையோட ஓட்டுற வீடியோவா பாத்துப் பாத்து, நமக்கும் ஒண்ணு வேணும்னு அரிப்பு. அதோட சின்ன வயசுல ஆர்எக்ஸ் 100 சத்தம் கேட்டு வளந்தவனுக்கு டூ ஸ்ட்ரோக்னு சொன்னாலே காது நிமிந்துரும்.

பெட்டிய திறந்தா வண்டி முழுசா கோத்து ரெடியா இருக்கு, பெயின்ட்டும் ஸ்டிக்கரும் அம்சமா இருக்கு, அதுல ஏமாத்தல. ஷாக்க அமுக்கிப் பாத்தேன், எண்ணெய் ஒழுகல, நாலும் ஒரே மாதிரி ஏறி எறங்குது. ஆனா கூட வர வேண்டிய சாமான் ஒண்ணும் இல்ல. ரிமோட்டுக்கு எட்டு, வண்டிக்கு நாலு, மொத்தம் பன்னெண்டு பென்சில் செல் நாமதான் வாங்கணும். இன்ஜின பத்த வைக்கிற க்ளோ ப்ளக்க சூடாக்குற இக்னைட்டர் கிடையாது. எரிபொருள் பாட்டில் கிடையாது. ஸ்பேர் ப்ளக் ஒண்ணாவது போட்டிருக்கலாம், அதுவும் இல்ல. "ரெடி டு ரன்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, எப்படி ரன் ஆகும், நம்ம தள்ளிக்கிட்டே ஓடணும்.

எரிபொருள் இருக்கே, அது தனிக்கதை. இது பெட்ரோல் இல்ல, பெட்ரோல ஊத்துனா இன்ஜின் காலி. மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய் மூணும் கலந்தது. நைட்ரோமெத்தேன் தனக்குள்ளயே ஆக்சிஜன வச்சிருக்கதால அதே காத்துல கூடுதலா எரியும், அதான் பவர். நான் வாங்குனது 16 சதவீத நைட்ரோ. தீப்பிடிக்கிற சரக்குன்னு எந்த கூரியரும் தொட மாட்டேங்கான். கடைசில புனலூர்ல இருக்க நம்ம சேட்டன்தான் அவர் கைவசம் இருந்ததுல ரெண்டு லிட்டரும், ஒரு பழைய இக்னைட்டரும், ரெண்டு ப்ளக்கும் ஜீப்புல வச்சு ஆரியங்காவு வழியா சனிக்கிழமை காலைல கொண்டு வந்தாரு. வர்ற வழில ஒரு போலீஸ்காரர் அந்த ரோஸ் கலர் பாட்டில பாத்துட்டு "இதென்னது, குடிக்கதா?"ன்னு கேட்டாராம். சேட்டன் "அய்யோ சாரே, இது குடிச்சா கண்ணு போகும், பின்னே ஆளே போகும்"னு சொல்லி டிக்கியில இருந்த அவரோட ரிமோட் காரையும் எடுத்துக் காட்டிட்டு வந்திருக்காரு. சிரிச்சோம், ஆனா சிரிக்கிற விஷயம் இல்ல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில அத்தன உசுர எடுத்தது இதே மெத்தனால்தான். தோல் வழியாவும் உள்ள போகும். வெயில்ல இது எரிஞ்சா தீ கண்ணுக்கே சரியா தெரியாது. வீட்டுல புள்ளைங்க இருந்தா பாட்டில பூட்டி வைங்க, ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற வேலையே வேண்டாம்.

சரி, ஸ்டார்ட் பண்ற கதைக்கு வாறேன். இதுல ஸ்பார்க் ப்ளக் கிடையாது. க்ளோ ப்ளக் உள்ள பிளாட்டினம் கலந்த சின்ன கம்பிச் சுருள் இருக்கும், தலைமுடி மாதிரி. இக்னைட்டர மாட்டுனா ஒண்ணரை வோல்ட்ல அது செவந்து கனியும், இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் கழட்டிரலாம், மெத்தனாலும் பிளாட்டினமும் சேந்து அந்தக் கனல அணைய விடாது. படிக்க நல்லாத்தான் இருக்கு. மொட்டை மாடில வச்சு கயிற இழுக்கேன், இழுக்கேன், இழுக்கேன், சத்தமே இல்ல. எரிபொருள் கார்புரேட்டருக்கு ஏறணும்னா சைலன்சர் வாய விரலால மூடிக்கிட்டு ரெண்டு மூணு இழுப்பு இழுக்கணும்னு மேனுவல்ல இருக்கு, நான் ஆர்வத்துல பத்து இழுப்பு இழுத்துட்டேன் போல. திடீர்னு கயிறு கல்லுல கட்டுன மாதிரி நின்னுட்டு. இங்கதான் புதுசா வாங்குறவன் கயித்த அத்துக்கிறது. இழுக்காதீங்க. உள்ள சிலிண்டர் பூரா எரிபொருள் ரொம்பி பிஸ்டன் ஏற முடியாம நிக்குன்னு அர்த்தம். ப்ளக்க கழட்டி, வண்டிய தலகீழா கவுத்து, ஒரு துணிய மேல போட்டு இழுத்தா சர்ருன்னு பீச்சி அடிக்கும். துணி போட மறந்ததால என் சட்டையில அடிச்சுது. கழட்டுன ப்ளக்க இக்னைட்டர்ல வச்சுப் பாத்தா கனியல, புதுசுலயே சுருள் அந்து கெடக்கு. சேட்டன் கொண்டு வந்த ப்ளக் இல்லைன்னா அன்னைக்கோட மூட்டை கட்டியிருப்பேன். கடைக்காரருக்கு போன் போட்டேன், "ப்ளக்குக்கு வாரன்ட்டி இல்ல சார்"னு வச்சுட்டாரு.

புது ப்ளக் போட்டும் டப்பு டப்புன்னு ரெண்டு தடவ இருமிட்டு நின்னுடுது. அதுக்குள்ள இருட்டிட்டு, சேட்டனும் கெளம்பிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய தூக்கிட்டு நம்ம மெக்கானிக் அண்ணாச்சி கடைக்குப் போனேன். செங்கோட்டைல ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கவன் எல்லாரும் அவர்ட்டதான் வருவான். வண்டிய கையில எடுத்து, ஃப்ளைவீல விரலால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "என்னடே, மேல வரும்போது இந்தப் பிடி பிடிக்கி, சீஸ் ஆன வண்டிய வித்துட்டானா?"ன்னு கேட்டாரு. அப்படி இல்ல. இதுல பித்தளை ஸ்லீவ், உள்ள குரோம் பூச்சு, அலுமினிய பிஸ்டன், ஸ்லீவ் மேல போகப் போக குறுகிட்டே போகும், இன்ஜின் சூடாகி ஸ்லீவ் விரிஞ்ச பெறகுதான் அளவு சரியா வரும். பச்சையா இருக்கும்போது கடிக்கத்தான் செய்யும். நான் படிச்சத சொன்னதும் அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "அப்பம் சூடாக்கிட்டு இழுக்க வேண்டியதுதானடே?" வீட்டுக்கு ஓடி தங்கச்சியோட ஹேர் ட்ரையர எடுத்துட்டு வந்து அஞ்சு நிமிஷம் இன்ஜின் தலைல காட்டுனோம். ரெண்டாவது இழுப்புல பிடிச்சுட்டு!

அந்த சத்தம் இருக்கே. 3 சிசிதான், ஆனா 98 சிசி ஆர்எக்ஸ் 7,500 ஆர்பிஎம்ல பவர் குடுக்கும்னா இந்த மாதிரி இன்ஜின் 30,000 பக்கம் சுத்தும், கடைல டீ குடிச்சிட்டு இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. நீலப் பொகை, அதுல விளக்கெண்ணெய் வாசம். எரிபொருள்ல கலக்குற எண்ணெய்ல விளக்கெண்ணெயும் உண்டு. எங்க அம்மாவுக்கு அந்த வாசம் வந்தாலே சின்ன வயசுல வயித்த சுத்தம் பண்ண மூக்கப் பிடிச்சு ஊத்துனதுதான் ஞாபகம் வருதாம், வண்டிய வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு உத்தரவு.

பிடிச்ச உடனே பறக்க விடக்கூடாது. முதல் டேங்க் பூரா செங்கல் மேல வச்சு, வீல் தரைல படாம, சும்மா ஐடிலிங். கார்புரேட்டர்ல பெரிய ஊசிய இடப்பக்கம் திருப்புனா எரிபொருள் கூடும், வலப்பக்கம் திருப்புனா குறையும், புதுசுல கூடவே இருக்கணும், பொகை தாராளமா வரணும். ஒரு டேங்க் முடிஞ்சதும் முழுசா ஆற விடணும், ஆறும்போது பிஸ்டன் கீழ நிக்கணும், மேல நின்னா ஸ்லீவ் சுருங்கி அதப் பிடிச்சுக்கும். பிஸ்டன் கீழ இருக்க எடத்துக்கு நேரா ஃப்ளைவீல்ல தங்கச்சி நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வச்சுட்டேன், இப்ப ஒரு பார்வைல தெரியும். அவ இன்னும் ரெண்டயும் தேடிட்டு இருக்கா.

சூடு பாக்க கொரோனா சமயத்துல வாங்குன நெத்தி தெர்மாமீட்டர நீட்டுனேன், அது காய்ச்சலுக்கு மேல எதையும் காட்டாது, "ஹை"ன்னு காட்டிட்டு அழுதுச்சு. அண்ணாச்சி ஒரு சொட்டு தண்ணிய இன்ஜின் தலைல விட்டாரு. விட்டதும் சடக்குன்னு தெறிச்சு மறைஞ்சா அதிக சூடு, அப்படியே குந்திக்கிட்டு இருந்தா சூடே ஏறல, சுர்ருன்னு மூணு நாலு செகண்ட்ல வத்துனா சரி. தோசைக்கல் கணக்குதான். 100ல இருந்து 125 டிகிரிக்குள்ள நிக்கணும்.

நாலு டேங்க் முடிச்சு இன்னைக்கு சாயங்காலம் புளியரை போற வழில இருக்க குளத்துக்குப் போனோம். மே மாசக் கடைசி, தண்ணி வத்தி களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு, கணவாய்க் காத்து வீச ஆரம்பிச்சுட்டு, சாரல் லேசா. ஐடிலிங்ல நல்லா நின்ன வண்டி இந்த ஈரக்காத்துல கொஞ்சம் அமுங்குன மாதிரி ஓடுச்சு, அண்ணாச்சி காத குடுத்துக் கேட்டுட்டு "கூட குடிக்கி, கடிகார முள்ளுல ஒரு மணி அளவு உள்ள திருப்பு"ன்னாரு, சரியாயிட்டு. எலக்ட்ரிக்ல இந்த ரோதனையும் இல்ல, இந்த சொகமும் இல்ல.

ஓட்டம் எப்படின்னா, கெளம்பும்போது அரை செகண்ட் தயங்கும், க்ளட்ச் பிடிக்கணும்ல, அதுக்கப்பறம் வாலத் தூக்குன கன்னுக்குட்டிதான். ரெண்டாவது கியர் விழும்போது சத்தம் ஒரு படி எறங்கி திரும்ப ஏறும் பாருங்க, அதுக்கே 15,000 தரலாம். முழு த்ராட்டில் குடுக்கல, இன்னும் பழகணும். பெட்டில 70 கிமீன்னு போட்டிருக்கு, பக்கத்துல மாப்ள டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டிட்டு வந்தான், அவன் மீட்டர்ல 45 காட்டும்போது ரெண்டும் சமமா வந்துச்சு. டிஸ்க் பிரேக் நல்லா பிடிக்கி. ஸ்டியரிங்க திருப்புற சர்வோ மோட்டார்தான் சோம்பேறி, நான் திருப்பி, அது யோசிச்சு, பெறகு வீல் திரும்புது. முதல்ல மாத்த வேண்டியது அதுதான். கரைல ஏத்தி ஒரு தாவு தாவ விட்டேன், நாலு வீலும் சேந்தாப்புல எறங்குச்சு, ஒண்ணும் ஒடயல.

ஆடு மேய்ச்சிட்டு இருந்த தாத்தா ஒருத்தர் கூட்டத்த ஒதுக்கிட்டு வந்து "காட்டுப்பன்னி வெரட்டவா வாங்குன?"ன்னு கேட்டாரு. மலை ஓரத்துல நெல்லு போட்டவங்க படுற பாடு அது. வெரட்டும் தாத்தா, ஆனா பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் டேங்க் ரொப்பணும்னேன். "அதுக்கு பன்னி காத்துட்டு இருக்குமா"ன்னுட்டு போயிட்டாரு.

ரெண்டாவது டேங்க்ல வலது பின் வீல் கழண்டு தனியா உருண்டு போச்சு. நட்டு எங்கேன்னு அரை மணி நேரம் வெடிப்புக்குள்ள தேடுனோம். வீட்டுக்கு வந்து பாத்தா சேஸிஸ்ல ஆறு ஸ்க்ரூ லூசு. இந்த நடுக்கத்துக்கு இரும்போட இரும்பு சேர்ற எல்லா ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூ கழராம பிடிக்கிற நீல கலர் த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு போடணும், ஃபேக்டரில போட்ட அடையாளமே இல்ல. க்ளட்ச் பெல்லுல இருக்க சின்ன பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் எடவெளியே இல்லாம நெருக்கி வச்சிருந்தான், ஓடும்போது அழுகுற சத்தம் அதுதான். நடுவுல ஒரு பேப்பர் துண்ட விட்டு இன்ஜின நெருக்கி முறுக்கிட்டு பேப்பர உருவுனா கிழியாம மடிப்பு மடிப்பா வரணும்.

இன்னொண்ணு, இதத்தான் நான் முதல்லயே சொல்லிருக்கணும். செங்கல் மேல ஓடும்போது சோதனைக்கு ரிமோட்ட அணைச்சுப் பாத்தேன், த்ராட்டில் அப்படியே நின்னுச்சு, வீல் சுத்திக்கிட்டே இருக்கு. சிக்னல் போனா தானா பிரேக் பிடிக்கிற ஃபெயில்சேஃப் இதுல இருக்கு, ஆனா செட் பண்ணாம அனுப்பிருக்கான். மூணு கிலோ இரும்பு கூட்டத்துக்குள்ள போனா யாரு காலு தாங்கும்? ரிசீவர்ல ஒரு பட்டன்தான், ஒரு நிமிஷ வேலை, வாங்குனா இத பண்ணாம தரைல எறக்காதீங்க.

பத்து வயசுப் பையன் பொறந்தநாளுக்கு வாங்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. வேண்டாங்க, அந்தக் காசுக்கு நல்ல ப்ரஷ்லெஸ் மோட்டார் எலக்ட்ரிக் ட்ரக் வாங்கிக் குடுங்க. பழைய ஸ்கூட்டர் கார்புரேட்டர ஒருக்கா ஆசைக்குனு கழட்டி மாட்டுன ஆளா இருந்தா இத தாராளமா வாங்கலாம், கூடவே நாலு ப்ளக், இக்னைட்டர், த்ரெட்லாக் எல்லாம் சேத்து இன்னொரு 4,000 எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப எழுதிட்டு இருக்கும்போதே டேங்க காலி பண்ணி, ப்ளக் ஓட்டைல ஆஃப்டர் ரன் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு கயிற நாலு தடவ இழுத்து வச்சாச்சு, மெத்தனால் ஈரத்த இழுக்கும், அப்படியே விட்டா பேரிங் துருப்பிடிச்சிரும், அதுவும் குத்தால சீசன்ல ஒரே ராத்திரி போதும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல குளத்துப் புழுதி அப்பிக் கெடக்கு. சமையக்கட்டுல பாத்திரம் தேய்க்கிற சோப்ப போட்டு அலசிட்டு இருந்தேன், அம்மா வந்து நிக்காவ.