சி.எல்.என்.ஆ, பி.ஜி.எல்.ஆ? ஒரு வளைகோட்டுக்காகப் பட்ட பாடு

பேராதனையில் விஞ்ஞான முதுமாணி ஆய்வுக்காக, பி மெசோன் ஒன்று டி-ஸ்டார் மெசோன், இலத்திரன், நியூட்ரினோ என்று பிரியும் தேய்வை எடுத்துக்கொண்டேன். ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்தான் மெசோன். கடைசியில் வேண்டியது ஒரே எண்தான். பொட்டம் குவார்க் சார்ம் குவார்க்காக மாறும் வலிமை அது, வீ-சி-பி என்பார்கள். அதை எடுக்க மெசோனின் உருவக் காரணிகள் தெரிய வேண்டும், அதாவது உள்ளே குவார்க்குகள் பிணைந்திருப்பது தேய்வு வீதத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று சொல்லும் சார்புகள். அவற்றை எழுத இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. 1995 முதல் பாய்ட், கிரின்ஸ்டைன், லெபெட் உருவாக்கியது பி.ஜி.எல். கப்ரினி, லெலூஷ், நியூபெர்ட் 1998இல் வெளியிட்டது சி.எல்.என். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பி.ஜி.எல். பக்கம் சாய்ந்தேன்.

சிக்கல் இதுதான். பி அசையாமல் இருக்க, டி-ஸ்டாரும் அசையாமல் பிறக்கும் புள்ளியில் கோட்பாடு வலுவாக இருக்கிறது. வெளியையும் நேரத்தையும் கட்டங்களாக வெட்டிக் கணினியில் செய்யும் சாலகக் கணிப்பு, 2014இல் உருவக் காரணி அங்கே 0.906 என்று சொன்னது, வழு 0.013. ஆனால் அதே புள்ளியில் தேய்வு வீதம் பூச்சியமாகிவிடுகிறது, தரவு கிடைக்காது. தள்ளியிருக்கும் தரவை வைத்து அந்தப் புள்ளிக்கு வளைகோட்டை நீட்ட வேண்டும். மஸ்கெலியாப் பக்கமிருந்து முகில் மூடிய சிவனொளிபாத மலையைப் பார்ப்பது போல. சரிவு தெரியும், உச்சியை ஊகிக்க வேண்டும். என்ன வடிவம் என்று நினைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் உயரம்.

வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, சாதாரண மடிக்கணினி போதும். இரண்டுமே இசட் என்ற சிறிய மாறியின் அடுக்குத் தொடராக விரிபவை. இந்தத் தேய்வில் அது ஏறத்தாழ 0.056ஐத் தாண்டாது, அதனால் தொடர் சீக்கிரம் அடங்கிவிடும்.

சி.எல்.என். எளிது. நான்கே பரமானங்கள், ஒரு மாலைக்குள் விடை வந்துவிட்டது. எளிமைக்குக் காரணம், பல குணகங்களை அதுவே முன்கூட்டி நிரப்பி வைத்திருப்பது. உருவக் காரணிகளின் விகிதமான ஆர்-1இன் சாய்வு −0.12, அதுபோன்ற ஆர்-2இன் சாய்வு 0.11. குவார்க் மிகக் கனமானது என்று எடுத்துக் கணக்கை எளிதாக்கும் கன குவார்க் கோட்பாட்டிலிருந்து வந்த இந்த எண்களுக்கும் வழு உண்டு. மூலக் கட்டுரையில் அது சொல்லப்பட்டிருந்தும், பின்னால் வந்த தரவுப் பொருத்தங்கள் பெரும்பாலும் அதைச் சேர்க்காமலே போய்விட்டன.

அம்மா கொழுந்து பறித்த காலத்தில், நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கணக்குக் கழிப்பார்கள். மழை நாளோ வெயில் நாளோ, கழிவு ஒன்றுதான். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். சி.எல்.என். சூத்திரத்தில் அந்த −0.12ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வரும்.

பி.ஜி.எல். எதையும் முன்கூட்டிக் கழிப்பதில்லை. ஒவ்வொரு உருவக் காரணிக்கும் தனித் தொடர், குணகங்களைத் தரவே சொல்ல வேண்டும். அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக்கூடாது என்ற கடிவாளம் மட்டும் உண்டு. அமைப்பதுதான் தலைவலி. பொட்டமும் சார்மும் சேர்ந்த பி-சி மெசோன்களின் திணிவுகளை உள்ளே கொடுக்க வேண்டும், அவற்றில் பல அளந்தவை அல்ல, கணித்தவை. நான் இன்னொன்றிலும் மாட்டிக்கொண்டேன். டி-ஸ்டார் அசையாத அந்தப் புள்ளியில் இரண்டு உருவக் காரணிகள் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை, ஒன்றின் முதல் குணகம் மற்றதைத் தீர்மானித்துவிடும். அந்த நிபந்தனையை எழுத மறந்து, வழு ஏன் இப்படி ஊதுகிறது என்று இரண்டு கிழமை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பலன் எங்கே தெரிந்தது? ஜப்பானின் பெல் பரிசோதனை 2017இல் தரவை 40 துண்டுகளாகப் பிரித்து வெளியிட்டது. அதில் பிகி, கம்பினோ, ஷாக்ட் மூவரும் இரண்டு வழியிலும் பொருத்தினார்கள். வீ-சி-பிக்கு, ஆயிரத்தில் ஒன்றை அலகாக வைத்தால், சி.எல்.என். 38.2 தந்தது, பி.ஜி.எல். 41.7. தரவு ஒன்றே, வடிவம்தான் வேறு. எனக்கும் இடைவெளி அதே திசையில் வந்தது. டி-ஸ்டார் என்று பிரிக்காமல், சார்ம் வரும் எல்லாத் தேய்வுகளையும் கூட்டி வீ-சி-பியை எடுக்கும் இன்னொரு முறை 42 அளவில் நிற்பதால், இரு முறைகளுக்கும் இடையிலிருந்த பழைய முரண்பாடு தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள்.

அப்புறம் 2019இல் அச்சான பெல் முடிவு வந்தது. சி.எல்.என். 38.4, பி.ஜி.எல். 38.3. முரண்பாடு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் பி.ஜி.எல். சரியான விடை தரும் என்பது என் வாதமல்ல. ஒரு குணகத்தைக் கூட்டிப் பார்த்து, விடை ஆடுகிறதா என்று அதில் சோதிக்க முடிகிறது. சி.எல்.என்.னில் ஆட வேண்டிய இடம் ஆணியடித்துக் கிடக்கிறது.

பராமரிப்பிலும் இதே கதைதான், எனக்கு முடிவைத் தந்ததும் இதுதான். 2021 முதல் சாலகக் குழுக்கள் அந்த ஒரே புள்ளியைத் தாண்டியும் உருவக் காரணிகளைத் தரத் தொடங்கின. பி.ஜி.எல்.லில் அவற்றைக் கூடுதல் தரவாகச் சேர்த்துவிட்டேன், சில வரிகள்தான். சி.எல்.என்.னில் அந்தப் புதிய எண்கள் 1998இன் நிலையான சாய்வுகளோடு மோதுகின்றன. எதை நம்புவது?

தொடரை எத்தனை உறுப்போடு நிறுத்துவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒன்று கூடினால் வழு வீங்குகிறது, ஒன்று குறைந்தால் மறைமுகமாக சி.எல்.என். செய்ததையே செய்கிறேனோ என்று தோன்றுகிறது. இலத்திரனுக்குப் பதில் அதன் கனமான உறவான டௌ லெப்டன் வரும் தேய்வை நான் தொடவில்லை. அங்கே இன்னொரு உருவக் காரணி நுழைகிறது, இலத்திரன் தரவு அதைப் பற்றி வாயே திறக்காது. சாலகப் புள்ளிகள் இல்லாவிட்டால் அங்கே மறுபடியும் கன குவார்க் உறவுகளிடம்தான் போக வேண்டும். அதனால் பழைய சி.எல்.என். நிரலை அழிக்கவில்லை. பி.ஜி.எல். விடை வந்ததும் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கணினியை மூடுகிறேன்.